முன்னொட்டும் தலைப்பெழுத்தும்: கோவில்பத்து வழக்கை முன்வைத்து ஒரு கன்ஃபிக் ஆராய்ச்சி

ஆய்வுக் களம், காரைக்கால் கோவில்பத்து. ஆய்வுக் காலம், கரண்ட் இருந்த நேரமெல்லாம். நெறியாளர், தெருமுனை டீக்கடை மாஸ்டர்; முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும் தரவு முழுக்க அவரிடம்தான் இருக்கிறது. ஆய்வாளன், திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்களுக்கு இணையதளம் கட்டிக் கொடுத்துப் பிழைக்கும் அடியேன். எடுத்துக்கொண்ட பொருள், வெப் ஃபிரேம்வொர்க் ஒன்றில் எக்ஸ்டென்ஷன்கள் தத்தம் கன்ஃபிக் சாவிகளுக்குப் பெயர் வைக்கும் முறை. உலகத்துக்கு இது அவசரமான பொருளா என்றால், இல்லை. ஆனால் ஒரு கல்யாண மண்டபக்காரருக்குப் போன தை மாதம் படு அவசரமாக இருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிக்கல் தோன்றிய வரலாறு

மண்டபத்துக்கு இணையத்தில் முன்பதிவு. ஒருவர் தேதியைத் தேர்ந்தெடுத்தால், அவர் முன்பணம் கட்டி முடிக்கும்வரை அந்தத் தேதியைப் பிடித்துவைக்க வேண்டும். அதற்கு நான் ஓர் எக்ஸ்டென்ஷன் எழுதினேன். பிடித்துவைக்கும் நேரத்துக்கு ‘டைம்அவுட்’ என்று ஒரு சாவி; மதிப்பு 1800 விநாடி, அதாவது அரை மணி. குறுஞ்செய்தி அனுப்புவதற்கு நண்பர் ஒருவர் இன்னொரு எக்ஸ்டென்ஷன் எழுதினார். அவரும் ‘டைம்அவுட்’ என்றே ஒரு சாவி வைத்தார். மதிப்பு 30 விநாடி. இரண்டும் ஒரே கன்ஃபிக்கில் போய் உட்கார்ந்தன. பிந்தி வந்தது முந்தி இருந்ததை அழித்தது. பிழைச்செய்தி வரவில்லை, எச்சரிக்கை வரவில்லை. முகூர்த்தத் தேதியைத் தொட்ட குடும்பம் கண்ணாடியைத் தேடி எடுத்து கார்டு எண்ணைத் தட்டுவதற்குள் அரை நிமிடம் ஓடிவிட்டது. தேதி அடுத்தவருக்குத் திறந்துகொண்டது. இரண்டு வீட்டாரும் பணம் கட்டினார்கள்.

மண்டபக்காரர் போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “தம்பி, ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு மாப்பிள்ளை வந்து நிக்கப் போறாங்க. எந்தப் பொண்ணுக்கு எந்த மாப்பிள்ளைன்னு உங்க கம்ப்யூட்டரே சொல்லிடுமா, இல்ல நான் குலுக்கல் போடணுமா?”

இந்த வினாவுக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

சொற்பொருள் விளக்கம்

ஃபிரேம்வொர்க் என்பது பெரிய வீடு. எக்ஸ்டென்ஷன் என்பது வீட்டை ஒட்டிப் பிற்பாடு இறக்கிய சார்ப்பு. கன்ஃபிக் என்பது நடையில் அடித்திருக்கும் சாவிப் பலகை. வீட்டாரும் சார்ப்புக்காரர்களும் தங்கள் சாவியை அதில்தான் மாட்டியாக வேண்டும். ஒரு பெயருக்கு ஒரே ஆணி. இன்னொருவர் அதே பெயரில் சாவி கொண்டுவந்தால், தொங்குவதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன்னுடையதை மாட்டிவிட்டுப் போவார். பலகை வாயே திறக்காது.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டின் பெயர் ஃபிளாஸ்க். இதைச் சொன்னதும் நெறியாளர் தன் கடை ஃபிளாஸ்கை நகர்த்தி வைத்துக்கொண்டார். அதைத்தான் ஆராயப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். பைத்தானில் எழுதப்பட்ட இந்த ஃபிளாஸ்க் பிறந்த கதை சுவையானது. 2010 ஏப்ரல் முதல் தேதி, ஆர்மின் ரோனாக்கர் என்ற ஆஸ்திரிய இளைஞர், முட்டாள்கள் தின விளையாட்டாக ஒரே கோப்பில் அடங்கும் குட்டி ஃபிரேம்வொர்க் ஒன்றை வெளியிட்டார். ‘டினைட்’, அதாவது ‘மறுக்கப்பட்டது’ என்று அதற்குப் பெயர். விளையாட்டு என்று தெரியாமல் பலர் அதை மெய்யாகவே மெச்சிவிட்டார்கள். அதே மாதம் மெய்யான ஒன்று வெளிவந்தது. அதற்கு முன்பே ‘பாட்டில்’ என்ற பெயரில் ஒரு ஃபிரேம்வொர்க் இருந்ததால் இதற்கு ஃபிளாஸ்க் என்று பெயர். ஒரு வீட்டுக்கே பெயர் இப்படி இன்னொரு வீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வைக்கப்பட்டிருக்கும்போது, அதன் சார்ப்புகளின் சாவிப் பெயரில் ஒழுங்கை எதிர்பார்ப்பது நம் பேராசை.

பெயரியல்

‘பெயரியல்’ என்று ஓர் இயலையே சொல்லதிகாரத்தில் ஒதுக்கியவர் தொல்காப்பியர். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என்றும், அவை ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என்றும் பகுத்தார். மரம் இடுகுறிப் பொது. பனை இடுகுறிச் சிறப்பு. பறவை காரணப் பொது. மரங்கொத்தி காரணச் சிறப்பு. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து மறந்துபோன நமக்கு இப்போது புலப்படுவது யாதெனில், ‘டைம்அவுட்’ ஒரு காரணப் பொதுப்பெயர். பறக்கிறதெல்லாம் பறவை என்பதுபோல, காத்திருந்து வெறுத்துப் போகிறதெல்லாம் டைம்அவுட். ‘மண்டபம்_டைம்அவுட்’ என்றால் அது காரணச் சிறப்பு. நானும் நண்பரும் செய்த தவறு, கூண்டில் ‘பறவை’ என்று எழுதி ஒட்டிவிட்டுக் கிளியைத் தேடியது.

ஃபிளாஸ்க் வீட்டு விதி இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: சார்ப்புக்காரர் தன் பெயரை முன்னொட்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அஞ்சல் அனுப்பும் எக்ஸ்டென்ஷனின் சாவிகள் மெயில்_சர்வர், மெயில்_போர்ட் என்று போகும். தரவுத்தள எக்ஸ்டென்ஷனுக்கு எஸ்கியூஎல்ஆல்கெமி_ என்ற நெடிய முன்னொட்டு. தட்டச்சு செய்யும் விரல் வலித்தாலும் வேறு எவரோடும் மோதாது. வீட்டுக்காரர் மட்டும் டீபக், டெஸ்டிங், சீக்ரெட்_கீ என்று முன்னொட்டே இல்லாமல் சாவி மாட்டிக்கொள்வார். இது அநியாயமா? இல்லை என்பார் நெறியாளர். “வீட்டுப் புள்ளைய ‘இன்னார் மகன்’னு அந்த வீட்டுக்குள்ளயே யாராச்சும் கூப்பிடுவாங்களா?”

இந்த ஒரு வாக்கியத்தில் என் ஆய்வின் கருதுகோள் முழுவதும் அடங்கியிருப்பதை அவர் அறியார்.

தலைப்பெழுத்துக் கோட்பாடு

கன்ஃபிக் முன்னொட்டு என்பது தமிழனின் இனிஷியலே அன்றி வேறில்லை. இதுவே நான் நிறுவ வந்தது.

எங்கள் தெருவில் செந்தில்கள் மூவர். பள்ளி வருகைப் பதிவேடு அவர்களை இனிஷியலால் பிரிக்கப் பார்த்தது. முடியவில்லை, இருவருக்கு அப்பா பெயர் ‘மா’வில் தொடங்கியது. ஓரெழுத்து முன்னொட்டின் வலு அவ்வளவுதான். தெரு வேறு வழி கண்டது: ஒருவர் ஈ.பி. செந்தில், ஒருவர் லோடு செந்தில், மூன்றாமவர் துபாயிலிருந்து திரும்பி ஏழு வருடம் ஆன பிறகும் துபாய் செந்தில். முழுச்சொல் முன்னொட்டு தெருவில் நிலைக்கும். ஓரெழுத்து பள்ளிக்கூடத்தோடு சரி. இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சுருக்கங்களை முன்னொட்டாக வைக்கும் எக்ஸ்டென்ஷன் ஆசிரியர்கள் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வந்து செந்திலைத் தேட வேண்டும்.

ஊர்ப் பொதுச்சொல்லை முன்னொட்டாக வளைத்துப் போடுவது இன்னொரு நோய். ஃபிளாஸ்க் வீட்டுக்காரர் செஷன்_குக்கீ_நேம் என்று தனக்கொரு சாவி வைத்திருக்கிறார். பின்னால் வந்த ஃபிளாஸ்க்-செஷன் என்ற எக்ஸ்டென்ஷனும் செஷன்_டைப், செஷன்_பெர்மனன்ட் என்று அதே வேலிக்குள் குடிசை போட்டது. இன்றுவரை சண்டை இல்லை. ஆனால் எந்தச் சாவி வீட்டுக்காரருடையது, எது குடியிருப்பவருடையது என்று கன்ஃபிக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. டெல்டாவில் இதற்குக் கூட்டுப்பட்டா என்று பெயர். அண்ணன் தம்பி நன்றாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. ஃபிளாஸ்க்-லாகின் என்பது ஒரு சாவியை லாகின்_ என்று தொடங்கிவிட்டு, அடுத்ததை ரிமம்பர்_குக்கீ_நேம் என்று வைத்தது. ஒரே வீட்டில் பெரியவனுக்கு அப்பா இனிஷியல், சின்னவனுக்குத் தாய்மாமன் இனிஷியல்.

இனிஷியல் கோட்பாட்டுக்கு வலுவான சான்று 2016இல் வந்த ஃபிளாஸ்க் 0.11 பதிப்பில் கிடைக்கிறது. கெட்_நேம்ஸ்பேஸ் என்று ஒரு வசதி. ‘மெயில்_’ என்று சொல்லி அழைத்தால், அந்த முன்னொட்டு உள்ள சாவிகளை மட்டும் பொறுக்கி, முன்னொட்டை வெட்டி, பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கிக் கையில் கொடுக்கும். வெளியே மெயில்_சர்வர், உள்ளே வெறும் சர்வர். பத்திரத்தில் எம். செந்தில்குமார், வீட்டுக்குள் செந்தி. இதைவிட நெருக்கமாகத் தமிழ்க் குடும்பத்தை எந்த மென்பொருளும் படம்பிடித்ததில்லை என்று துணிந்து கூறுவேன். 2022இல் 2.1 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. சர்வரின் சூழல் மாறிகளிலிருந்து கன்ஃபிக்கை எடுக்கும்போது ஃபிளாஸ்க்_மெயில்_சர்வர் என்று வீட்டுப்பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னது. வீட்டு வாசலைத் தாண்டி ஊர்ப் பொதுவில் நிற்பவனுக்குத் தாத்தா இனிஷியலும் வேண்டும் அல்லவா. பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய்வந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

காரைக்கால் சான்றுகள்

வெளிநாட்டுச் சான்றுகள் போதும். பெயர் மோதலுக்கும் முன்னொட்டுத் தீர்வுக்கும் தமிழில் கிடைக்கும் பழைய ஆவணம் இந்த ஊருடையது.

காரைக்கால் வணிகன் பரமதத்தனின் மனைவி புனிதவதி. மாங்கனி வந்த அதிசயத்தைக் கண்டு அஞ்சிய கணவன் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் இன்னொரு திருமணம் செய்து, பிறந்த பெண்ணுக்கும் புனிதவதி என்றே பெயர் வைத்தான். பக்தியால் வைத்தான் என்கிறது பெரியபுராணம், மறுக்கவில்லை. ஆனால் கன்ஃபிக் நோக்கில் பார்த்தால், ஒரே பலகையில் ஒரே பெயரில் இரண்டாம் சாவி. முதல் புனிதவதி என்ன செய்தார்? பெயரையே விட்டுவிட்டு, ஊரை முன்னொட்டாக்கிக்கொண்டார். தம் பாடல்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டார். உலகம் காரைக்கால் அம்மையார் என்றது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் மோதல் இல்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் கூரைமேல் நின்று மாம்பழம் வீசுகிறவர்கள், தாங்கள் கொண்டாடுவது ஒரு பெயரியல் தீர்வையும்தான் என்பதை அறிந்து வீசினால் இன்னும் குறிபார்த்து வீசுவார்கள்.

பிரெஞ்சுக்காரன் 1739இல் இங்கு வந்தான். 1954 நவம்பர் முதல் தேதி கையை விட்டான். சட்டப்படி விட்டது 1962 ஆகஸ்ட் 16. இடையில் அவன் செய்த பெயரியல் சோதனை ஒன்று உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தம் வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வருபவர்கள் குடும்பப்பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ள வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை மாறும் இனிஷியலைக் கழற்றி எறிந்துவிட்டு நிரந்தர முன்னொட்டு ஒன்றை மாட்டச் சொன்னான் என்று பொருள். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி தேர்ந்துகொண்ட பெயர் லா போர்த். பிரெஞ்சில் கதவு.

இங்கே ஒரு சிறு விலகல். காரைக்காலில் ‘போர்ட்’ என்று பொதுவாகச் சொன்னால் வாஞ்சூர்த் துறைமுகம். மெயில்_போர்ட் என்றால் 25 என்ற எண். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய வீட்டில் சொன்னால் கதவு. முன்னொட்டில்லாமல் ‘போர்ட்’ என்று சாவி வைக்கும் ஒருவர், கப்பலைக் கதவுக்குள் நுழைத்து அஞ்சலில் அனுப்பும் அபாயம் எங்கள் ஊரில் மெய்யாகவே இருக்கிறது.

பெயர் மாற்றத்துக்கும் சான்று தேட வெளியே போக வேண்டாம். 2006இல் பாண்டிச்சேரி, புதுச்சேரி ஆயிற்று. பல்கலைக்கழகம் இன்றும் ஆங்கிலத்தில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம்தான். மென்பொருள்காரர்கள் இதைப் பழைய பெயரையும் சிலகாலம் ஏற்பது என்பார்கள். ‘சிலகாலம்’ எவ்வளவு என்று அவர்களும் சொல்வதில்லை. பழைய பெயரில் எழுதினாலும் கடிதம் வந்து சேர்கிறது. நல்ல பெயர் மாற்றம் இப்படித்தான் இருக்கும்.

கடைசியாக வண்டிப் பதிவெண். காரைக்கால் வண்டிகளுக்கு பி.ஒய். 02. ஒன்றியப் பகுதி முன்னொட்டு, ஊர் பின்னெண். மாஹே கேரளக் கரையிலும் ஏனாம் ஆந்திரத்திலும் கிடந்தாலும் அதே பி.ஒய். துண்டுதுண்டாய்க் கிடக்கும் நிலத்தை ஒன்றாக்குவது இந்த இரண்டெழுத்துதான். பைத்தான் கோப்புகள் எல்லாம் புள்ளி பி.ஒய். என்று முடிவதை வாசகர் தற்செயல் என்று தள்ளலாம். ஆய்வாளன் தள்ளமாட்டான். பைத்தான் 2க்கு 2020 ஜனவரி முதல் தேதியோடு ஆதரவு நின்றுபோனது, பி.ஒய். 02 வண்டிகள் மட்டும் இன்னும் ஓடுகின்றன.

சோதனை

கோட்பாடு மட்டும் போதாதென்று திண்ணையில் ஒரு சோதனையும் நடந்தது. பைத்தான் 3 தமிழிலேயே மாறிகளுக்குப் பெயர் வைக்க விடுகிறது. ஆகவே கன்ஃபிக் கோப்பில் மண்டபம்_நேரம் = 1800 என்று சுத்தத் தமிழில் எழுதினேன். பைத்தான் முணுமுணுக்காமல் ஏற்றது. ஃபிளாஸ்க் அதைப் படிக்கவே இல்லை. பிழையும் சொல்லவில்லை; அப்படி ஒரு வரி இல்லாததுபோல் கடந்து போனது.

காரணம் பிறகு தெரிந்தது. கோப்பிலிருந்து சாவி எடுக்கும்போது ஃபிளாஸ்க் முழுப் பெரிய எழுத்தில் உள்ள பெயர்களை மட்டுமே எடுக்கும். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. பைத்தானிடம் “இது பெரிய எழுத்தா?” என்று கேட்டால், குறைந்தது ஓர் எழுத்தாவது பெரிதாக இருந்தால்தான் ‘ஆம்’ என்று சொல்லும், தமிழ்ச்சொல் எதற்கும் ‘இல்லை’தான். சாதி வித்தியாசம் இல்லாத எழுத்துக்கு வாசலில் அனுமதி இல்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பெயருக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘எம்’ ஒன்றைச் சேர்த்து, அடிக்கோடு போட்டு, பிறகு மண்டபம்_நேரம் என்று எழுதினேன். ஃபிளாஸ்க் படித்தது. ஒரே ஒரு இங்கிலீஷ் இனிஷியல்! அது இருந்தால் போதும், பின்னால் எத்தனை முழத் தமிழ் வந்தாலும் பைத்தான் முழுவதையும் பெரிய எழுத்து என்று ஒப்புக்கொள்கிறது. ஐம்பது வருடமாக நம் ஆட்கள் ஆங்கிலத்தில் இனிஷியலும் தமிழில் பெயருமாகச் சுவரொட்டி அடித்துக்கொண்டிருப்பது எதற்கு என்று யாரும் இனிக் கேட்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஃபிளாஸ்க் அந்த ஆணையைப் பின்பற்றவில்லை. நாங்கள் புதுச்சேரி என்பதால் எங்களாலும் கேட்க முடியவில்லை.

தடையும் விடையும்

தடை: முன்னொட்டு இல்லாமலும் உலகம் நடக்கிறதே? நடக்கிறது. ஜாங்கோ என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில் ரெஸ்ட்_ஃபிரேம்வொர்க் என்ற எக்ஸ்டென்ஷன் ஒரே ஒரு சாவியை மாட்டி, தன் சாமான் முழுவதையும் அந்த ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொள்கிறது. பலகை சுத்தமாக இருக்கிறது என்பது உண்மை. பெட்டிக்குள் தேடுகிற பாடு தனி. ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கின் 4.2 பதிப்பில் ‘எக்ஸ்’ என்று தனிப் புறம்போக்கு ஒதுக்கினார்கள்: யாரும் தம் சொந்தச் சாவியை அங்கே மாட்டிக்கொள்ளலாம். புறம்போக்கில் பிறகு என்ன நடக்கும் என்பதை டெல்டாக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க் இன்னும் தாராளம். சிறுகோடு, அடிக்கோடு, ஒட்டி எழுதிய பெரிய எழுத்து, எப்படி எழுதினாலும் ஒன்றாகவே புரிந்துகொள்கிறது. எனக்கு இதில் மனம் சற்று ஈடுபட்டது உண்மை, ஏனென்றால் எங்கள் ஊர்ப்பெயரும் அப்படித்தான். கோவில்பத்து, கோயில்பத்து, கோயிற்பத்து என்று மூன்று விதமாய்ப் பலகையில் எழுதியிருக்கும். பழைய பெயர் வேறு: இங்குள்ள பார்வதீஸ்வரர் கோயில் பாடல்பெற்ற திருத்தெளிச்சேரி. கண்டக்டர் எதைச் சொன்னாலும் இறக்கிவிடுவார். பத்து என்பது எண்ணிக்கை அல்ல. ‘பற்று’ என்ற நிலச்சொல் பேச்சில் மருவியது, கோயிலுக்கு உரிய நிலம் என்று பொருள் என்பார்கள். பத்துக் கோயில் எங்கே என்று தேடி அலையும் விருந்தாளிகளுக்காக இதைப் பதிவு செய்கிறேன்.

ஆனால் எழுத்துப்பிழையைப் பொறுப்பது வேறு, பெயர் மோதலைத் தீர்ப்பது வேறு. இது புரிந்தது ஒரு லாரிக்காரரால். விடிகாலை டீக்கடை முன் வண்டியை நிறுத்தி, “அண்ணே, நெல்லுக் குடோன் எந்தப் பக்கம்?” என்றார். மாஸ்டர் கிளாஸைக் கழுவியபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், “அது வேதாரண்யம் கோவில்பத்து” என்றார். அரசின் பெரிய சேமிப்புக் கிடங்கு அந்தக் கோவில்பத்தில்தான். லாரிக்காரர் போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு டீ சொன்னார். முதலில் ‘கோவில்பத்து’ என்று மட்டும் தட்டியிருக்கிறார். பலகையில் முதலில் கிடைத்த சாவி எங்களுடையது. அன்று மத்தியானமே நண்பரும் நானும் உட்கார்ந்து மண்டபம்_டைம்அவுட், எஸ்எம்எஸ்_டைம்அவுட் என்று மாற்றி எழுதினோம். மாற்ற எடுத்த நேரம் நான்கு நிமிடம். இரண்டு குடும்பத்தில் ஒன்று மனமிறங்கி மாலை முகூர்த்தத்துக்கு மாறிக்கொண்டது.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்குபவர்கள் வெறும் ‘கோவில்பத்து’ என்று சொல்லி ஆட்டோ ஏறலாம், தவறில்லை. வெளியூரிலிருந்து பார்சல் அனுப்புபவர்கள் மட்டும் தயவுசெய்து முன்னால் ‘காரைக்கால்’ என்று சேர்த்து எழுதவும்.